கதவோரத் தையல்

1

சாயிரா பானு பிளேடை இறக்கிவிட்டாள். மஞ்சள் காரின் டிரைவர் சீட்டில், கதவோரத் தையல் ஒரு சாண் நீளத்துக்கு வாய் பிளந்தது. ஒரு மணி நேரத்துக்கு முன்னால் போர்த்தி முடித்த புத்தம்புதுச் சிவப்புத் தோல்.

“ஏனுங்கக்கா! பைத்தியமா புடிச்சிருக்குது உங்களுக்கு?” காருக்குச் சொந்தக்காரன் கலையரசன் போட்ட சத்தம், சேலம் ரோட்டில் போன லாரிச் சத்தத்தையும் தாண்டிக் கேட்டது. “எறங்குங்க வண்டிய உட்டு!”

“கிட்ட வராதீங்க தம்பி. கையில பிளேடு இருக்குது. எனக்கிருக்கிற ஆத்தரத்துல அது எங்க போவும்னு எனக்கே தெரியாது.”

இந்தக் கதை இப்படித்தான் தொடங்க வேண்டும். இதற்கு முன் இரண்டு தொடக்கங்கள் எழுதிக் கிழித்தேன். ஒன்று, ‘திருச்செங்கோட்டில் அன்று சுட்டெரிக்கும் வெயில்—’ என்று போனது. அந்த ஊரில் என்றைக்கு வெயில் இல்லை? இன்னொன்று, ‘ஓர் உயிரின் மதிப்பு—’. அதைப் படித்தபோது என்னை நானே அறைந்துகொள்ளத் தோன்றியது.

இதை நான் கற்பனை செய்யவில்லை. அந்த சீட் கவர் கடைக்குள், பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து, அவர்கள் கொடுத்த டீயைக் கையில் வைத்துக்கொண்டு பார்த்தேன். உனக்கு அங்கே என்ன வேலை என்று கேட்பீர்கள். வருகிறேன்.

2

முதல் வரைவில் கலையரசனை வில்லனாக்கியிருந்தேன். முறுக்கு மீசை, தங்கச் சங்கிலி எல்லாம் மாட்டிவிட்டேன். அத்தனையும் பொய். மீசை மழித்தவன். ஊர் ஊராய் ஆழ்துளைக் கிணறு போடும் ரிக் லாரிகளில் பத்து வருஷம் புழுதி தின்றுவிட்டு, பெங்களூரில் ஒரு ஸ்போர்ட்ஸ் காரைச் செகண்ட் ஹேண்டில் பிடித்தவன். இரண்டே கதவு. இடுப்பு உயரம். உள்ளே மட்டும் சாயம் போன துணி சீட். அது அவனுக்குப் பொறுக்கவில்லை.

முதலில் பந்தயக் காரில் இருப்பது மாதிரி பக்கெட் சீட் இரண்டை வெளியே வாங்கிவந்து மாட்டச் சொன்னான். மாட்டினார்கள். உட்கார்ந்தான். எழ முடியவில்லை. சாயிரா பானுவின் தம்பி வாஜித்தும் எதிர்க்கடைக்காரரும் ஆளுக்கொரு கையைப் பிடித்து இழுத்தார்கள்.

“சீட்டு நல்லாத்தான் இருக்குது மாப்ள. நீங்கதான் கொஞ்சம் எக்ஸ்ட்ரா ஃபிட்டிங்” என்றான் வாஜித். கடையில் தையல் மிஷின் அவன் பொறுப்பு.

அந்த சீட்டுகள் மூலைக்குப் போயின. கம்பெனி சீட்டுக்கே தோல் போர்த்துவதென்று முடிவானது. கலையரசன் ஒரே ஒரு கண்டிஷன் போட்டான்.

“எங்க ரிக் வண்டிக்குப் போட்டீங்களே, அதே நூலுதான் போடோணும். எட்டு வருசமாச்சு, ஒரு தையல் பிரியலீங்க.”

லாரி நூல். யானையைக் கட்டி இழுக்கலாம். லாரி சீட் தைத்தே வளர்ந்த கடை அது. தையல் பிரிந்துவிட்டது என்று ஒரு டிரைவர் சொல்லிவிட்டால் அங்கே அன்று யாருக்கும் சோறு இறங்காது.

[இங்கே, ‘பிரிவதற்காகவே ஒரு தையல் இருக்க முடியுமா?’ என்று கொக்கி போட்டிருந்தேன். வாரத் தொடர் என்றால் அங்கேயே ‘தொடரும்’ போட்டிருப்பேன். இதில் அந்த வேலை வேண்டாம்.]

3

இருக்க முடியும். சில கார்களில் சீட்டின் கதவோரத்துக்குள் ஒரு ஏர்பேக்கை மடித்து வைத்திருப்பார்கள். பக்கவாட்டில் எவனாவது வந்து மோதினால், கண் இமைப்பதற்குள் அது தையலைக் கிழித்துக்கொண்டு வெளியே வந்து விலா எலும்பைக் காப்பாற்ற வேண்டும். அதற்காகவே கம்பெனிக்காரன் அந்த ஒரு தையலை மட்டும் சுலபமாக அறுந்துவிடும் நூலில் போட்டிருப்பான். அங்கே லாரி நூல் போட்டால்?

அன்று காலை சாயிரா பானு அதைத்தான் பார்த்துவிட்டு வந்திருந்தாள். சேலத்தில் ஓர் ஒர்க்‌ஷாப். ஓமலூர் பக்கம் அடிபட்ட ஒரு வெள்ளி நிறக் கார். ஒரு மாதத்துக்கு முன் அவள் கடையில் சீட் தைத்தது. இடது சீட்டில் ஏர்பேக் உள்ளேயே வெடித்து, உள்ளேயே செத்துக் கிடந்தது. லாரி நூல் ஒரு கண்ணிகூட விட்டுக்கொடுக்கவில்லை.

“பாருங்கம்மா, உங்க வேலைய” என்றிருக்கிறார் அவளை வரச்சொன்ன மெக்கானிக்.

பஸ் பிடித்துத் திரும்பி வந்தால், மஞ்சள் காரை வாஜித் முடித்துவிட்டிருந்தான். கலையரசன் சாவியைச் சுழற்றிக்கொண்டு நின்றான். நாமக்கல்லில் பங்காளி வீட்டுக் காதுகுத்து. அவன் மனைவி கிருத்திகா பட்டுப்புடவை கட்டி வீட்டில் காத்திருந்தாள். இடது சீட்டில் உட்காரப்போகிறவள்.

வெள்ளிக் காரின் சொந்தக்காரரை [வங்கி மேலாளர் என்று வைத்துக்கொள்ளலாமா? வேண்டாம், ‘அந்த ஆள்’ போதும்] நினைத்தால் பேனாவை மூடி வைத்துவிடுகிறேன். இந்தப் பத்தியை நான்கு தரம் எழுதிவிட்டேன். சீட் தைக்கக் கொடுத்த அன்றே சாயிரா பானு தயங்கியிருக்கிறாள்.

“ஏதோ காரணமாத்தானுங்க சார் இந்தத் தையல மட்டும் மெல்லிசா வெச்சிருப்பாங்க. இந்த எடத்த மட்டும் உட்டுரலாமுங்களா?”

“எனக்குக் காரணம் வேண்டாம்மா, தையல் வேணும். எல்லாப் பக்கமும் தடியா இருக்கு, இது மட்டும் நூலாம்படை மாதிரி. அசிங்கமா இல்ல? பிரிஞ்சுதுன்னா கடைய இழுத்து மூட வெச்சிருவேன்.”

அந்த ஆள் இப்போது போலீசுக்கு மனு எழுதி வைத்திருக்கிறார். ‘என்னைக் கேட்காமலேயே தவறான நூலில் தைத்து—’ என்று போகிறது அது. கொடுத்தால் கடை போகும், வாஜித் உள்ளே போவான். மனுவில் இருப்பது எனக்கு எப்படித் தெரியும் என்று இப்போது கேட்காதீர்கள்.

4

மூன்று முடிவுகள் வைத்திருந்தேன்.

கலையரசன் அவளைத் தள்ளிவிட்டுக் காரைக் கிளப்புகிறான். எளச்சிபாளையம் தாண்டும்போது எதிரே ஒரு டிப்பர்— [இல்லை. விறுவிறுப்புக்காக நான் இதுவரை கொன்ற பெண்கள் போதும்.]

கலையரசன் எல்லாம் புரிந்து, கண் கலங்கி, கைகூப்பி— [அவன் கைகூப்புகிற ஜாதி இல்லை. கோபம் வந்தால் டயரை உதைப்பான். உதைத்தான்.]

வாஜித் திடீரென்று— [அவன் மிஷினுக்குப் பின்னால் முகத்தைத் துண்டில் புதைத்து அழுதுகொண்டிருந்தான். அவனை வைத்துத் திருப்பம் செய்ய எனக்கு என்ன யோக்கியதை?]

5

நடந்தது இதுதான். சாயிரா பானு இடது சீட்டுக்கு நகர்ந்து அடுத்த தையலையும் கீறினாள்.

“பங்காளி ஊட்டு முன்னாடி கிழிஞ்ச சீட்டோட போயி நிக்கச் சொல்றீங்களா?”

“பஸ்ஸுல போங்க. இல்லாட்டி ரிக் வண்டியில போங்க. கிருத்திகா உக்கார்ற எடந்தானுங்க தம்பி இது? ஓமலூர்ல அடிபட்டதும் இதே எடத்துல உக்காந்திருந்த ஒரு பொம்பளதான். இன்னும் மூச்சுக்கு மெஷின் வெச்சிருக்காங்களாம்.”

கலையரசன் இடது சீட்டைப் பார்த்தான். சாவி சுழல்வது நின்றது. அப்புறம் அவன் கோபம் வேறு பக்கம் திரும்பியது.

“லாரி நூலுதான் வேணும்னு அந்தாளும் அடம் புடிச்சிருப்பானே. என்னையாட்டவே. யாருன்னு சொல்லுங்கக்கா. நாலு பேரோட போயி நான் கேக்கறேன்.”

வாஜித் துண்டிலிருந்து முகத்தை எடுத்தான். வாயைத் திறந்தான்.

“வாஜித், சும்மா இரு” என்றாள் சாயிரா பானு. “யாரு சொன்னா என்னங்க தம்பி. தெச்சது எங்க கடைதானுங்களே.”

பிளேடை மடக்கினாள். பிளாஸ்டிக் நாற்காலியைப் பார்த்தாள்.

“டீ ஆறுதுங்க சார். குடிங்க.”

மனு என் சட்டைப் பையில் இருந்தது. நாங்களாகவேதான் அப்படித் தைத்தோம் என்று அவளிடம் எழுதி வாங்க வந்திருந்தேன். அந்த வெள்ளிக் கார் என்னுடையது. இடது சீட்டில் இருந்தவள் என் மனைவி சௌமியா.

மனு இன்னும் இருக்கிறது, இந்தக் காகிதங்களுக்குப் பக்கத்தில். கொடுத்தேனா, கிழித்தேனா என்பதை நீங்களே எழுதிக்கொள்ளுங்கள். என்ன எழுதினாலும் எனக்கு அது தகும். ஆனால் எழுதுவதற்கு முன் ஒன்று தெரிந்திருக்க வேண்டும். சாயிரா பானுகூட இதை யாரிடமும் சொல்லவில்லை.

சீட் தைக்கக் கொடுத்த அன்று சௌமியாவும் என்னோடு கடையில் இருந்தாள். “அவங்க சொல்றாங்கல்ல, விட்டுருங்களேன்” என்று என் சட்டைக் கையைப் பிடித்து இழுத்தாள்.

அத்தனை பேர் முன்னால், “உனக்கு என்னடி தெரியும்?” என்று கேட்டேன்.