பெட்டியைத் தாண்டிப் போன கம்பி

பேட்டரி அறை என்று பெயர்தானே தவிர, அது மருத்துவ நிலையத்தின் பழைய சாமான் அறை. துடைப்பம், உடைந்த கட்டில் கால், சாயம் போன சுவரொட்டிகள் எல்லாவற்றையும் வெளியே அள்ளிப் போட்டுவிட்டு, சோலார் கம்பெனியிலிருந்து வந்திருந்த பெண் தரையில் சம்மணம் போட்டு வேலை பார்த்துக்கொண்டிருந்தாள். பேட்டரி முழுக்க வரிசையாகச் செல்கள். ஒவ்வொரு செல்லிலிருந்தும் மெல்லிய கம்பி ஒன்றை எடுத்து, வரிசை மாறாமல், சுவரில் பொருத்தியிருந்த சாம்பல் நிறப் பெட்டிக்குள் செருக வேண்டும். ஒரு கம்பி இடம் மாறினாலும் பெட்டி புகைந்துவிடும். அதனால் பேச்சுக் கொடுத்தவர்களுக்கெல்லாம் அவள் "உம்" மட்டும் கொட்டினாள்.

மலையடிவாரம் வரைதான் மின்கம்பம். அதற்கு மேலே இருந்த அந்தக் குடியிருப்புக்கு மின்சாரம் என்றால் மருத்துவ நிலையத்தின் கூரையில் இருந்த சூரியத் தகடுகள்தான். பழைய பேட்டரிகள் வீங்கிப் போய்ச் செத்ததால், புதிய பேட்டரியும் அதைப் பாதுகாக்க இந்தப் பெட்டியும் வந்திருந்தன.

நர்ஸ் டார்ச் பிடித்துக்கொண்டு நின்றாள். அந்த நிலையத்துக்கு டாக்டர் எப்போதாவது வருவார். மற்றபடி மருந்து, ஊசி, பிரசவம், பல்வலி எல்லாம் அவள்தான். வெளியூர்க்காரி. கணவன் விட்டுப் போன பிறகு மாற்றலாகி வந்தவளை அந்த ஊர்தான் தாங்கியது. காய்ச்சல் என்று படுத்தால் நாலு வீட்டிலிருந்து கஞ்சி வரும். அந்த நன்றி அவளிடம் எப்போதும் இருந்தது. யார் எது கேட்டாலும் முகத்துக்கு நேரே முடியாது என்று சொல்ல அவளுக்கு வராது.

பக்கத்து அறையில் ஆக்சிஜன் மெஷின் சீராக ஓடிக்கொண்டிருந்தது. கட்டிலில் தையல்காரியின் கணவர். கல்குவாரியில் இளமை முழுவதையும் கழித்தவர். நுரையீரல் பூராவும் கல்தூசி. மூக்கில் குழாய் இருந்தால் பேசுவார், சிரிப்பார், நர்சைக் கிண்டல் செய்வார். குழாயை எடுத்தால் உதடு நீலம் பாயும். அந்த மெஷின் ஓடுகிற இடம்தான் அவருக்கு வீடு. அதனால் தையல்காரியும் துணிமணிகளோடு அங்கேயே வந்து, கட்டில் ஓரமாக உட்கார்ந்து பொத்தான் தைத்துக்கொண்டிருப்பாள்.

வேலை முடிந்ததும் அந்தப் பெண் கையைத் துடைத்துக்கொண்டு நர்சுக்கு விளக்கினாள். இந்தப் பெட்டி ஒவ்வொரு செல்லையும் தனித்தனியாகக் கவனிக்கும். சூடு ஏறினால் நிறுத்தும். சார்ஜ் குறையத் தொடங்கினால் முதலில் வெளி லைனை வெட்டிவிடும். மிச்சமிருப்பதை உள்ளே இருக்கும் மெஷினுக்கு வைத்துக்கொள்ளும். அதற்கும் கீழே இறங்கினால் எல்லாவற்றையும் நிறுத்திவிடும், பேட்டரியாவது பிழைக்கட்டும் என்று.

வெளி லைன் என்றதும் நர்ஸ் சுவரைப் பார்த்தாள். ஒரு காலத்தில் வராந்தாவில் போன் சார்ஜ் போடுவதற்காக வைத்த பிளக்கிலிருந்து கிளம்பிய கம்பிகள், கூரை ஓரமாகப் போய், தெருவில் பிரிந்து, டீக்கடை, முடிதிருத்தும் கடை, ஊராட்சித் தலைவர் வீடு என்று போய்க்கொண்டிருந்தன.

"அக்கா, ஒண்ணே ஒண்ணு. வெளிய கரண்டு போனா போகட்டும். இந்தப் பெட்டியை மட்டும் யாரையும் தொட விடாதீங்க" என்றாள் அந்தப் பெண்.

"நான் பாத்துக்கறேம்மா" என்றாள் நர்ஸ். அப்போது அவள் மனதார நினைத்துத்தான் சொன்னாள்.

பெட்டி தன் வேலையைச் சரியாகச் செய்தது. வெயில் காயும் நாளில் ஒரு தொந்தரவும் இல்லை. மேகம் மூடிய நாளில் பொழுது சாய்ந்ததும் டக்கென்று ஒரு சத்தம் கேட்கும், தெரு இருண்டுவிடும். உள்ளே மெஷின் ஓடிக்கொண்டே இருக்கும். ஊரார் அதற்குக் கஞ்சப் பெட்டி என்று பெயர் வைத்தார்கள். டீக்கடையில் டிவி பாதியில் அணைந்தால், வாடிக்கையாளர்கள் மருத்துவ நிலையத்தின் பக்கம் திரும்பி, பெட்டியின் தாய் தகப்பன் வரை இழுத்துத் திட்டுவார்கள். நோயாளியே அதைக் கேட்டுச் சிரிப்பார். "என்னால பாரு, ஊருக்கே சீரியல் போச்சு" என்று மனைவியிடம் சொல்வார்.

கொஞ்ச நாளில் சிரிப்பு குறைந்து முணுமுணுப்பு கூடியது. ஒருநாள் தலைவர் வந்தார். கெட்டவர் இல்லை. ஜீப் பாதைக்காக அலுவலகம் அலுவலகமாக ஏறி இறங்கியவர் அவர்தான். ஆக்சிஜன் மெஷினையும் அவர்தான் வாங்கிக் கொடுக்கச் செய்திருந்தார். நோயாளியிடம் நலம் விசாரித்துவிட்டு, தன் வீட்டு ஃப்ரீசரில் வைத்த கறி கெட்டுப்போவதையும், பரீட்சைக்குப் படிக்கிற பிள்ளைகள் மெழுகுவர்த்தியில் கண்ணைக் கெடுத்துக்கொள்வதையும் சொன்னார். தன் மச்சான் ரேடியோ ரிப்பேர் பார்ப்பவன் என்றும், அவனிடம் பழைய இன்வெர்ட்டர் ஒன்று இருக்கிறது என்றும், பெட்டியைத் தொடவே வேண்டாம், பேட்டரியிலிருந்தே தனியாக ஒரு கம்பி இழுத்துவிடலாம் என்றும் சொன்னார்.

நர்ஸ் தயங்கினாள். கம்பெனிப் பெண் சொன்னதைச் சொன்னாள்.

"பெட்டியைத் தொடக் கூடாதுன்னுதானே சொல்லிச்சு? நாம எங்க தொடுறோம், சிஸ்டர்?" என்றார் தலைவர்.

அறைக்குள்ளிருந்து தையல்காரி நர்சைப் பார்த்துக்கொண்டிருந்தாள். மெஷினே தலைவர் தயவில் வந்ததுதான். அவள் என்ன பேசுவாள்? நர்சும் கீழே பார்த்துக்கொண்டு, சரிங்க, உங்களுக்குத் தெரியாததா என்றாள்.

மச்சான் அன்றைக்கே வந்து, தடித்த கேபிள் இரண்டைப் பேட்டரியின் முனைகளிலேயே நேராக முறுக்கி இன்வெர்ட்டரில் கொடுத்து, தெருக் கம்பிகளையெல்லாம் அதற்கு மாற்றிவிட்டுப் போனான். பெட்டி சுவரில் இருந்தது. கம்பி அதைத் தாண்டிப் போனது. தெருவில் விளக்கு நிலைத்தது. எல்லோரும் நர்சைப் புகழ்ந்தார்கள். விளக்கு நிற்கிறது என்று தெரிந்ததும் இன்னும் சில வீடுகளுக்குக் கம்பி போனது. மாவு அரைக்கிற மெஷின் ஒன்றும் வந்து சேர்ந்தது.

அதன் விளைவு மழைக்காலத்தில்தான் தெரிந்தது. சூரியன் முகம் காட்டாத நாட்கள் ஒன்றன்பின் ஒன்றாக வந்தன. சார்ஜ் இறங்க இறங்க, பெட்டி தன் கடமைப்படி வெளி லைனை வெட்டியது. ஆனால் அந்த லைனில் இப்போது எதுவும் இல்லை. ஊர் முழுதும் வேறு வழியாகக் குடித்துக்கொண்டிருந்தது. பெட்டிக்குக் கட்டுப்பட்டு நடந்தது உள்ளே இருந்த ஆக்சிஜன் மெஷின் மட்டும்தான்.

மழை விட்டும் விடாமலும் தூறிக்கொண்டிருந்த ஒரு மாலையில் பெட்டி அதையும் நிறுத்தியது. மெஷின் முதலில் கீ என்று கத்தியது. பிறகு அதுவும் இல்லை. நர்ஸ் ஓடிப் போய் மாற்று சிலிண்டரைத் திறந்தாள். அது பாதிதான் இருந்தது. மண் சரிந்து ஜீப் வராததால் நிரப்பி வர அனுப்பிய இன்னொரு சிலிண்டர் வந்து சேரவில்லை. குழாயை மாட்டிவிட்டு வெளியே ஓடினாள்.

தெருவில் விளக்குகள் எரிந்துகொண்டிருந்தன. டீக்கடையில் டிவி ஓடிக்கொண்டிருந்தது. ஏதோ ஒரு நகைச்சுவைக்கு எல்லோரும் சிரித்துக்கொண்டிருந்தார்கள். உள்ளே ஒருவர் மூச்சுக்குத் திண்டாடும்போது வெளியே வெளிச்சமாக இருந்ததை நர்ஸ் ஒரு நொடி நின்று பார்த்தாள். பிறகு நடந்ததைக் கத்திச் சொன்னாள்.

சொன்னதும் ஒருவர்கூட மறுபேச்சுப் பேசவில்லை. டீக்கடைக்காரர் கம்பியைக் கையாலேயே பிய்த்தார். முடிதிருத்துபவர் ஒரு பக்கம் சோப்பு நுரையோடு இருந்த ஆளை அப்படியே விட்டுவிட்டு ஓடினார். தலைவர் வீட்டிலிருந்து அவருடைய மருமகளே வந்து ஃப்ரீசரை நிறுத்திவிட்டதாகச் சொன்னாள். மச்சான் பேட்டரி அறைக்குள் புகுந்து தன் கேபிள்களைக் கழற்றி எறிந்தான். தெரு முழுக்க இருண்டது.

மெஷின் ஓடவில்லை. பெட்டியில் ஒரு சிவப்பு விளக்கு மட்டும் விட்டு விட்டு எரிந்தது.

நர்ஸ் போனில் கம்பெனிப் பெண்ணைப் பிடித்தாள். என்ன விளக்கு, எத்தனை தடவை எரிகிறது என்று அவள் கேட்டுத் தெரிந்துகொண்டாள்.

"அக்கா, ஒரு செல் செத்துருச்சு. இனிமே பெட்டி கரண்டு விடாது."

"எப்படியாவது விட வைம்மா. இங்க ஒருத்தரு..."

"விட வெச்சாலும் பேட்டரில ஒண்ணும் இல்லக்கா. எல்லாத்தையும் எடுத்துட்டாங்க. நான் இப்ப கிளம்பி வந்தாலும் என் கையில ஒண்ணும் இல்லக்கா."

தலைவர் போனை வாங்கி, தான் யார் என்று சொல்லி, எவ்வளவு பெரிய ஆளைப் பிடிக்க வேண்டுமானாலும் பிடிப்பதாகச் சொன்னார். அந்தப் பெண் அதே பதிலைத்தான் திருப்பிச் சொன்னாள். செத்துப்போன செல்லுக்கு யாருடைய சிபாரிசும் தெரியாது. அவர் போனை மெல்ல நர்சிடம் நீட்டினார்.

நோயாளியைக் கட்டிலோடு தூக்கிக்கொண்டு மலையடிவாரத்துக்கு இறங்கினார்கள். தலைவர் ஒரு முனையைத் தோளில் வாங்கினார், மச்சான் ஒரு முனை. ஊர் ஆண்கள் மாற்றி மாற்றித் தோள் கொடுத்தார்கள். பெண்கள் முன்னால் டார்ச் அடித்தார்கள். சேற்றில் யாருடைய செருப்போ கழன்றது, யாரும் நிற்கவில்லை. தையல்காரி கட்டிலைப் பிடித்துக்கொண்டே நடந்தாள். நர்ஸ் சிலிண்டரைச் சுமந்தாள். அதன் முள் இறங்கிக்கொண்டே வந்ததை அவள் மட்டும் பார்த்தாள், யாரிடமும் சொல்லவில்லை. சொல்லி என்ன செய்ய?

மண் சரிந்த இடத்தைத் தாண்டுவதற்குள் சிலிண்டர் தீர்ந்தது. கட்டிலை இறக்கி வைத்தார்கள். அவர் வாயைத் திறந்து திறந்து மூடினார். சுற்றிலும் மலைக்காற்று ஜில்லென்று அடித்துக்கொண்டிருந்தது. அதை உள்ளே இழுக்க அவரால் முடியவில்லை. ஒருவர் துண்டை எடுத்து விசிறினார். அதைப் பார்த்து இன்னொருவரும் விசிறினார். அத்தனை பேர் நின்று விசிறியும், மனைவியின் மடியில் தலை வைத்தபடி அவர் அடங்கிப்போனார்.

மறுநாள் எல்லாம் முடிந்த பிறகு, ஊரார் தையல்காரியின் வீட்டுக்கு வரத் தொடங்கினார்கள். வந்தவர்கள் சும்மா உட்கார முடியாமல் பேசினார்கள். டீக்கடைக்காரர் தன்னுடையது சின்ன டிவி, அது அதிகமாக இழுக்காது என்றார். முடிதிருத்துபவர் கடையில் ஒரே ஒரு விளக்கும் விசிறியும்தான். எதிர்வீட்டுப் பெண் பிள்ளை படிக்கிற நேரத்துக்கு மட்டும் போட்டதாகச் சொல்லி அழுதாள். மாவு மெஷின்காரர் வாரத்தில் சில நாள்தான் ஓட்டினாராம். தலைவர், மழைக்காலத்தில் ஃப்ரீசரைப் பாதி நேரம் அணைத்தே வைத்திருந்ததாகச் சொன்னார். எல்லாம் உண்மைதான். ஒருவரும் பொய் சொல்லவில்லை.

தையல்காரி சுவரில் சாய்ந்து எல்லாவற்றையும் கேட்டாள். கடைசியில் தலைவர், எப்பாடு பட்டாவது புதுப் பேட்டரிக்கு ஏற்பாடு செய்வதாகச் சொன்னபோதுதான் வாயைத் திறந்தாள்.

"நீங்க யாரும் நிறைய எடுக்கலங்க. எனக்குத் தெரியும். ஆளுக்குக் கொஞ்சம்தான் எடுத்தீங்க. பொதுவில இருக்கறதுதானே, கொஞ்சம் எடுத்தா என்னன்னு எல்லாரும் நெனச்சீங்க. உங்க எல்லாரோட கொஞ்சமும் சேர்ந்துதான் எனக்கு முழுசும் போச்சு."

கோபமாகச் சொல்லவில்லை. தலைவர் தரையைப் பார்த்தார். ஒவ்வொருவராக எழுந்து வெளியேறினார்கள்.

நர்ஸ் மட்டும் போகவில்லை. தையல்காரியின் பக்கத்தில் நகர்ந்து வந்து, அவள் கையைப் பிடித்தாள்.

"அன்னைக்குத் தலைவரு வந்து கேட்டப்ப, நான் முடியாதுன்னு ஒரு வார்த்தை சொல்லியிருக்கணும். எல்லாரும் என்னை நல்லவன்னு சொல்லணும்னு இருந்துட்டேன்" என்றாள்.

தையல்காரி கையை விடுவித்துக்கொள்ளவில்லை.

"சொல்லியிருந்தா இந்த ஊரே உங்களத் திட்டியிருக்கும் சிஸ்டர்" என்றாள். "அதையும் கேட்டுச் சிரிச்சுக்கிட்டு, அவரு இருந்திருப்பாரு."