மோசமில்லாத கோழி

மாலை ஐந்து மணிக்குள் வெளியூர்க்காரர்கள் நான்கு பேர் கோழியின் வயிற்றுக்குள் போய்க் கையெழுத்துப் போட வேண்டும். இல்லாவிட்டால் ஆர்லின் அரிசோனாவுக்குக் குடிபோக வேண்டியதுதான்.

கோழியின் பெயர் ஹில்டா. முப்பத்தெட்டு அடி உயரம், முழுக்க சிமென்ட். வட டகோட்டாவில் ஹெக்லண்ட் என்கிற ஊரின் எல்லையில் ஐம்பது வருடமாக அடைகாத்துக்கொண்டிருக்கிறது. வாலுக்குக் கீழே ஒரு சின்ன வாசல். குனிந்து நுழைந்தால் வயிற்றுக்குள் ஒரு சிமென்ட் முட்டை. அதன்மேல் உட்கார்ந்து படம் எடுத்துக்கொள்ளலாம். பக்கத்தில் வருகைப் பதிவேடு. அதற்கும் பக்கத்தில் ஆர்லினின் மனைவி லவோன், காபியும் எலுமிச்சை கேக்கும் வைத்துக்கொண்டு.

ஹில்டாவுக்குக் கடைசியாக எப்போது பெயின்ட் அடித்தார்கள் என்று யாருக்கும் நினைவில்லை. போன வசந்தத்தில் ஊர் மன்றம் கூடி, கோடை முடிவதற்குள் வெளியூர்க்காரர்கள் முந்நூறு பேர் உள்ளே போய்க் கையெழுத்துப் போட்டால் பெயின்ட் அடிப்பது, இல்லாவிட்டால் இடிப்பது என்று முடிவெடுத்திருந்தது. கோடை என்றால் செப்டம்பர் முதல் திங்களில் வரும் அமெரிக்கத் தொழிலாளர் தினம் வரை. அது இன்றுதான். பதிவேட்டில் இருநூற்றுத் தொண்ணூற்றாறு பேர்.

"ஹில்டா போயிட்டா எனக்கு இந்த ஊர்ல என்ன வேலை? அரிசோனாவுல எங்க அக்கா வீட்டுக்குப் பக்கத்துல ஒரு வீடு காலியா இருக்காம்" என்று லவோன் சொல்லிவிட்டாள். அவள் சொன்னால் சொன்னதுதான். பனிக்காலத்தில் உறைந்த ஏரியில் துளை போட்டு, சின்னக் கொட்டகைக்குள் உட்கார்ந்து, யாரோடும் பேசாமல் மீன் பிடிப்பதுதான் வாழ்க்கையில் ஆர்லின் கண்ட ஒரே சுகம். அக்கா வீடு இருக்கும் பாலைவனத்தில் குழாயைத் திறந்தால்தான் தண்ணீர். அது எங்கே உறைவது?

அந்த நான்கு பேரை அனுப்பி வைக்க வேண்டியவரும் அவரேதான். ஹெக்லண்டிலிருந்து இருபது நிமிடத் தூரத்தில், நெடுஞ்சாலை ஓய்விடத்தில் ஒரு தகவல் மேஜை இருக்கிறது. காரில் ஊர் ஊராகச் சுற்றுகிறவர்கள் கழிப்பறைக்குப் போய்விட்டு வரும்போது, "இந்தப் பக்கம் பார்க்க என்ன இருக்கு?" என்று கேட்பார்கள். கோடை முழுக்கச் சம்பளமில்லாமல் அதற்குப் பதில் சொல்லிக்கொண்டிருந்தவர் ஆர்லின்.

மத்தியானம் நியூஜெர்சியிலிருந்து ஒரு குடும்பம் வந்து நின்றது. அப்பா, அம்மா, இரண்டு மகன்கள். அளவெடுத்தது போல நான்கு பேர்.

"பார்க்கறதுக்கு ஏதாவது இருக்கா?" என்றார் அப்பா.

"பிளம்ப்டனுக்குக் கண்டிப்பாப் போங்க" என்றார் ஆர்லின். "அங்க ஒரு வெள்ளரிக்காய் ஊறுகாய்ச் சிலை இருக்கு. இருபதடி நீளம். சுத்திக்கிட்டே இருக்கும். ராத்திரி பச்சை விளக்கு வேற போடுவாங்க. அப்படி ஒண்ண எங்கயும் பார்க்க முடியாது."

"உங்க ஊர் எது?"

"ஹெக்லண்ட்."

"அங்க ஒண்ணுமில்லையா?"

"ஒரு கோழி இருக்கு."

"எப்படி இருக்கும்?"

ஆர்லின் இரண்டு பக்கமும் பார்த்தார். தெரிந்தவர் யாரும் இல்லை. காது மடல் சிவக்க, குரலைத் தாழ்த்தி, "அப்படியொண்ணும் மோசமில்ல" என்றார்.

அந்த வட்டாரத்தில் அதற்கு மேல் புகழ்ச்சி கிடையாது. அடுத்த ஊரை மட்டம் தட்டுவது அநாகரிகம். சொந்த ஊரைத் தூக்கிப் பேசுவது அதைவிட அநாகரிகம். கோதுமை வரலாறு காணாமல் விளைந்தால் "மோசமில்ல". கல்யாணத்தன்று மணப்பெண்ணைப் பார்த்து மாப்பிள்ளை உருகிப்போய்ச் சொல்வதும் "மோசமில்ல"தான். ஆனால் நியூஜெர்சிக்கு இதெல்லாம் தெரியுமா? நான்கு பேரும் ஊறுகாயைப் பார்க்கப் போய்விட்டார்கள்.

செல்போன் அடித்தது. லவோன்.

"ஆர்லின், ஒரு ஈ காக்கா வரல. நீ அங்க என்னதான் பண்ற?"

"நாலு பேர் வந்தாங்க. பிளம்ப்டனுக்குப் போயிட்டாங்க."

"நம்ம ஹில்டாவப் பத்தி எடுத்துச் சொன்னியா இல்லையா?"

"மோசமில்லன்னு சொன்னேன்."

லவோன் குரலைத் தாழ்த்திக் கேட்டாள்: "வாய்விட்டா சொன்ன?"

"ஆமா."

"அப்பவும் வரலையா! அவங்களுக்கு நெஞ்சுல என்ன கல்லா? சரி, ரொம்பவும் அளக்காத. ஊர்ல நம்மளப் பத்தி என்ன நினைப்பாங்க?"

நான்கு மணிக்கு, படகு மாதிரி ஒரு வண்டி வந்து நின்றது. டெக்சாஸ் நம்பர். இறங்கியவர் பெயர் ராய்ஸ். தலையில் அகலத் தொப்பி. அதைவிட அகலமாக வயிறு. பின்னாலேயே மனைவி கேண்டிஸும், வளர்ந்த இரண்டு பெண்களும்.

"ஐயா, வணக்கம்!" என்று ராய்ஸ் முழங்கியதில் மேஜைமேல் இருந்த வரைபடங்கள் பறந்தன. "ரெண்டாயிரம் மைல் ஓட்டிட்டேன். எங்க ஊர்ல இல்லாதது எதையும் இன்னும் பார்க்கல. மலையா? எங்ககிட்ட இதைவிடப் பெரிசு. ஆறா? எங்ககிட்ட இதைவிட அகலம். உங்ககிட்ட என்ன இருக்கு?"

ஆர்லின் பழக்கதோஷத்தில் ஊறுகாயைப் பற்றிச் சொல்ல வாயைத் திறந்தார். அதற்குள் கடிகாரம் கண்ணில் பட்டது. நான்கு பத்து. அரிசோனாவின் வெயில் பிடரியில் அடிப்பது போலிருந்தது. மனிதர் உடைந்துபோனார்.

"ஒரு கோழி இருக்குங்க. அதால என் உயிரே போகுது!"

"என்ன கோழி?"

தன் ஊரைப் புகழத்தான் தடை. புலம்பத் தடை கிடையாது. ஆர்லினின் நாக்கு அவிழ்ந்துகொண்டது.

"முப்பத்தெட்டு அடி. சிமென்ட். போன புயல்ல ஒரு கண்ணு கழண்டு பாதிரியார் கார்மேல விழுந்துடுச்சு. அன்னையிலேருந்து ஊரையே ஒத்தக் கண்ணால முறைக்குது. மேக்காத்து அடிச்சா அலகு வழியாப் புகுந்து கொக்கரிக்குதுங்க. நிஜமா! ஒருத்தரும் தூங்க முடியறதில்ல. உள்ள போனா என் பொண்டாட்டி கேக் திங்காம யாரையும் வெளிய விடமாட்டா. உள்ள போற வழியே வாலுக்குக் கீழதான். ஜூலை மாசம் மிசௌரிக்காரர் ஒருத்தர் அதுல மாட்டிக்கிட்டார். ரெண்டு மணி நேரம்! வெண்ணெய் தடவித்தான் எடுத்தாங்க. எதுக்குங்க இந்தச் சனியனெல்லாம் ஒரு ஊருக்கு?"

சொல்லி முடித்தபோது டெக்சாஸ்காரரின் கண் பளபளத்தது.

"கேண்டிஸ்!" என்றார். "நம்ம ஊர்ல இப்படி ஒண்ணு இருக்கா?"

"இல்லையே" என்றாள் கேண்டிஸ்.

"ஐயா, வழி சொல்லுங்க!"

ஆர்லின் மேஜையை அப்படியே போட்டுவிட்டு, தன் பிக்கப் வண்டியில் முன்னால் ஓட்டி வழிகாட்டினார்.

நான்கு நாற்பதுக்கு கேண்டிஸும் பெண்களும் வாலுக்குக் கீழே நுழைந்து கையெழுத்துப் போட்டார்கள். இருநூற்றுத் தொண்ணூற்றொன்பது. அடுத்து ராய்ஸ். தொப்பி போனது, தலை போனது, தோள் போனது. வயிறு போகவில்லை.

"மாட்டிக்கிட்டேன்!" என்று உள்ளேயிருந்து சந்தோஷக் குரல் வந்தது. "கேண்டிஸ், படம் எடு!"

ஆர்லின் தீயணைப்புக் குழுவைக் கூப்பிட்டார். ஹெக்லண்டில் தீயணைப்புக் குழு என்பதும் ஊர் மன்றம் என்பதும் அதே மூன்று பேர்தான். தலைவி மார்லிஸ் ஒரு கையில் ஹெல்மெட்டும் மறு கையில் வெண்ணெய் டப்பாவுமாக இறங்கினாள். மற்ற இருவரும் ஆளுக்கொரு காலைப் பிடித்துக்கொண்டார்கள்.

"இருங்க, இழுக்காதீங்க!" என்று அலறினார் ஆர்லின். "லவோன், பதிவேட்ட அவர்கிட்ட நீட்டு!"

"போட்டுட்டார்! முந்நூறு!" என்று லவோன் உள்ளேயிருந்து கூவினாள்.

மார்லிஸ் வெண்ணெய் தடவியபடியே உதட்டைப் பிதுக்கினாள். "தீர்மானத்துல 'உள்ளே போய்'னு இருக்கு, ஆர்லின். இவர் பாதிதான் உள்ள இருக்கார்."

"கையெழுத்துப் போட்ட பாதிதான உள்ள இருக்கு?"

"உக்கார்ற பாதி வெளிய இருக்கே. என் இஷ்டத்துக்கு முடிவு பண்ண முடியாது. ஓட்டெடுக்கணும்." அவள் கடிகாரத்தைப் பார்த்தாள். நான்கு ஐம்பத்தெட்டு. "பாதி போனாப் போதும்கிறவங்க, கையத் தூக்குங்க."

கால்களைப் பிடித்திருந்த இருவரும் நல்ல மனிதர்கள். இருவரும் ஒரே நேரத்தில் கையைத் தூக்கினார்கள். பிடி விட்ட கால்கள் தரையில் ஊன்றி ஓர் உந்து உந்த, வெண்ணெயில் ஊறிய டெக்சாஸ்காரர் சறுக்கென்று ஹில்டாவுக்குள் முழுசாகப் போய் மறைந்தார். உள்ளே முட்டைமேல் ஏதோ மோதும் ஓசையும், "கேக் எடுத்துக்கோங்க" என்ற லவோனின் குரலும் கேட்டன.

"ஓட்டு தேவையில்ல" என்றாள் மார்லிஸ். "எந்தக் கலர் பெயின்ட்?"

மேலே, உள் ஏணியில் ஏறி வந்த லவோனின் தலை ஹில்டாவின் அலகு வழியாக எட்டிப் பார்த்தது. முகமெல்லாம் சிவந்திருந்தது.

"ஆர்லின்!" என்று கூப்பிட்டாள். "நீ... அப்படியொண்ணும் மோசமில்ல!"

ஊர் மன்றத்தினர் மூவரும் வெட்கப்பட்டு வேறு பக்கம் திரும்பிக்கொண்டார்கள். நாலு பேருக்கு நடுவில் இப்படியா பேசுவது! ஆர்லின் மட்டும் தலையைக் குனிந்துகொண்டு, ஏரியில் இந்த வருடம் எந்த இடத்தில் துளை போடலாம் என்று யோசித்தபடி நின்றார்.

மேல்காற்று மெல்லக் கிளம்பியது. ஹில்டா ஒருமுறை கொக்கரித்தது.

"ஐயா!" என்று உள்ளேயிருந்து ராய்ஸ் கூப்பிட்டார், வாய் நிறைய கேக்கோடு. "வெளிய வர்ற வழியும் இதேதானா?"

மார்லிஸ் டப்பாவைக் கவிழ்த்துப் பார்த்தாள். பிறகு ஆர்லினின் பிக்கப்பைக் காட்டினாள்.

"கடை மூடறதுக்குள்ள போய் இன்னும் நாலு டப்பா வாங்கிட்டு வா. உப்புப் போட்டதா இருந்தாலும் பரவாயில்ல."