அடைப்புக்குறிகள் எனக்குக் கேட்காது

1

இந்தக் கதை பிறந்தது பத்திரிகை ஆசிரியரம்மாவின் தொலைபேசியில். கம்பெனிக்காரர்கள் செய்யும் மென்பொருள் திறமையானதா, பலர் கூடி இலவசமாகச் செய்யும் திறமூல மென்பொருள் திறமையானதா, இதைக் கதையாக்கி வெள்ளிக்கிழமை ஐந்து மணிக்குள் அனுப்பு என்றார். நடுநடுவே அடைப்புக்குறிகள் இருக்கட்டும், இப்போது அதுதான் எடுபடுகிறதாம். என் இரண்டு கதைகளைத் திருப்பியனுப்பியவர் அவர். இதுவும் திரும்பினால் எழுத்தை மூட்டை கட்டிவிடுவேன் என்று வீட்டில் சொல்லிவிட்டேன்.

(அக்கா: மூட்டை கட்ட நாங்க விட்டாத்தானே.)

எனக்குக் கண் தெரியாது. திரையில் உள்ளதைக் கணினி வாசிக்க, காதால் கேட்டு எழுதுகிறேன். போன வாரம் கணினி தன்னைத்தானே புதுப்பித்துக்கொண்டது. அன்றிலிருந்து என்னிடம் இருக்கும் இரண்டு வாசிப்பு மென்பொருள்களும் அடைப்புக்குறிக்குள் இருப்பதை மட்டும் விழுங்கிவிடுகின்றன. நேரம் பார்த்து வந்த பிழை.

2

தொடக்கம் ஒன்று: மென்பொருள் உலகில் இரண்டு வகை மனிதர்கள் உண்டு. முதல் வகையினர் சம்பளத்துக்காகவும், மற்றவர்கள்...

வேண்டாம், எனக்கே கொட்டாவி வருகிறது.

தொடக்கம் இரண்டு: என் இரண்டு வாசிப்பு மென்பொருள்களில் ஒன்றை விற்கும் கம்பெனியில் என் அக்கா சோதனைப் பிரிவின் தலைவி. இலவசமான இன்னொன்றுக்கு அத்தான் பொறுப்பாளர். அதுவும் பள்ளியில் கணக்கு வாத்தியார் வேலை முடிந்த பிறகு. சாப்பாட்டு மேசையில் இருவர் கணினியும் எதிரெதிரே. ஊர் பேர் எதுவும் போட்டு என் வேலைக்கு உலை வைத்துவிடாதே என்பது அக்காவின் கட்டளை.

3

கம்பெனியை வில்லனாக்கத்தான் இருந்தேன். புகார் கொடுத்த பத்தே நொடியில் பதில்: தங்கள் கருத்து எங்களுக்கு மிக முக்கியம், அடுத்த காலாண்டில் பரிசீலிப்போம். அதோடு மூச்சுப்பேச்சு இல்லை.

இலவசப் பக்கம் வேறு கூத்து. அறுபது பேர் கூடி, அடைப்புக்குறி வந்தால் குரல் தாழ வேண்டுமா, சற்று நிற்க வேண்டுமா என்று மூன்று நாள் மல்லுக்கட்டினார்கள்.

(அத்தான்: அறுபது இல்லை, ஐம்பத்தெட்டுப் பேர்.)

(அக்கா: கணக்கு வாத்தியார் புத்தி.)

நான்காம் நாள் எங்கோ ஒரு ரொட்டிக்கடைக்காரர், மாவு உப்பக் காத்திருந்த நேரத்தில், ஒரே வரியில் சரிசெய்து அனுப்பினார். அப்படியும் வெளியிட முடியாது. எழுதியவரும் வெளியிடுபவரும் அல்லாத ஒருவர் இருநூறு பக்கம் கேட்டுச் சோதித்து ஒப்புதல் தர வேண்டும். அது அவர்கள் சட்டம். ஒருவரும் வரவில்லை.

"பேசறதுக்கு ஆள் இருக்கு, கேக்கறதுக்குத்தான் ஆள் இல்ல," என்றார் அத்தான்.

"எங்ககிட்ட கேக்கறதுக்குன்னே சம்பளம் குடுத்து எட்டுப் பேர் இருக்காங்க," என்றாள் அக்கா. வழக்கமாக இதற்கு மேலும் நாலு சொல்வாள். அன்று எழுந்து போய்விட்டாள்.

4

இன்று வெள்ளி. கோப்பில் நேற்று விட்டதைவிடப் பதினான்கு சொல் கூடுதல். அக்காவும் அத்தானும் திறக்கக்கூடிய கோப்புதான். ஆனால் கேட்டுப் பார்த்தால் எதுவும் மாறவில்லை. அப்படியானால் அடைப்புக்குறிக்குள் யாரோ குடியேறியிருக்கிறார்கள்.

நாலு மணிக்கு அத்தான் ஓடிவந்தார். 'அணில்' என்ற புனைபெயரில் யாரோ இருநூறு பக்கத்தையும் சோதித்துவிட்டார்களாம். திருத்தம் தயார், ஒரு பொத்தானை அழுத்தினால் எல்லாம் கேட்குமாம்.

"அழுத்தும்மா," என்றார்.

"கதைய அனுப்பிட்டு அழுத்தறேன், அத்தான்."

கேட்டால் வெட்டுவேன். என்னை எனக்குத் தெரியும். வெட்ட ஆரம்பித்தால் ஐந்து மணி தாண்டிவிடும். தவிர, என்னை நம்பி எழுதியவர்களை நானும் ஒருமுறை நம்பித்தான் பார்க்கிறேனே.

முடிவு அ: கம்பெனியே திறமை. முடிவு ஆ: ரொட்டிக்கடைக்காரரே திறமை. அந்த அணில் யாரென்று தெரியாமல் இரண்டும் நிற்காது. எனக்குக் கேட்காததையும் படித்தவர் நீங்கள். தீர்ப்பை நீங்களே சொல்லுங்கள்.

அக்கா சீக்கிரம் வீட்டுக்கு வந்துவிட்டாள். மேசையில் முதலில் ஒரு விசைப்பலகை, பிறகு எதிரே இன்னொன்று, தட்டும் சத்தம் கேட்கிறது. முடிக்கட்டும், அனுப்பிவிடுகிறேன்.

(அக்கா: உனக்குக் கேக்காதுங்கிற தைரியத்துல சொல்றேன்டி. அணில் நான்தான். ஆபீஸ் நேரத்துல, எங்க எட்டுப் பேரையும் உக்கார வெச்சு. உங்க அத்தானுக்குத் தெரிஞ்சா என் மானம் போயிடும்.)

(அத்தான்: தெரியும். எட்டுப் பேருக்கும் நன்றி சொல்லிடு.)