கடைசி ஃபாரம்

மாமனாரின் மூக்குக்கண்ணாடியை மருமகள் மெல்லக் கழற்றிக்கொண்டிருந்தபோது, அச்சக முதலாளி வாசலில் செருப்பை விட்டுவிட்டுத் தயங்கி நின்றார். கக்கத்தில் காகிதக் கட்டு.

"தப்பா நினைக்காதே தங்கச்சி. இன்னிக்குக் கொண்டுவரச் சொல்லியிருந்தார். பாதி வழியிலதான் சேதி வந்துச்சு."

இரவு படித்தபடியே சாய்ந்து தூங்கிப் போனவர் விடிந்தும் எழுந்திருக்கவில்லை. அந்தக் கட்டு, இந்த நிலத்தைப் பற்றி அவர் எழுதிய வரலாற்றின் இரண்டாம் பதிப்புக்காக அவரே திருத்திக் கொடுத்திருந்த அச்சுப்படி. மலையிலிருந்து இறங்கியவர்கள், குதிரையில் வந்து வரி கேட்டவர்கள், கப்பலில் வந்து கொடி நட்டவர்கள் என்று ஆளுக்கோர் அத்தியாயம். ஆற்றோடு வாழும் படகு மக்களுக்கு மட்டும் முதல் பதிப்பில் ஒரே வரி: 'பருவத்துக்கு வந்து போகிறவர்கள்.'

அவள் படகு மக்களின் பெண். கல்யாணமாகி வந்த புதிதில், பரிமாறும்போதே கேட்டுவிட்டாள்: "நாங்க எங்கே போனோம் மாமா? ராஜாக்கள்தானே வந்து வந்து போனாங்க?"

தட்டில் அவர் கை அப்படியே நின்றது. பிறகு ஒன்பது வருடம் மருந்து, மழை, பேரனின் காய்ச்சல் எல்லாம் பேசினார்கள். புத்தகப் பேச்சை மட்டும் இருவரும் எடுக்கவில்லை.

"கடைசி ஃபாரம், பதினாறு பக்கம், காலியாக் கிடக்கு," என்றார் முதலாளி. "கேட்டா, 'நிறுத்தி வைய்யா, எழுத ஆள் இருக்கு'ம்பார். எட்டு மாசமாச்சு. ஓரத்துல ஏதோ கிறுக்கியிருக்கார், எனக்குப் படிக்க வரல. யாருன்னு உனக்குத் தெரியுமா?"

கட்டை அவிழ்த்தாள். அந்த ஒற்றை வரி சிவப்பில் அடிக்கப்பட்டிருந்தது. 'படகு மக்கள்' என்ற தலைப்புக்குக் கீழே வெறும் தாள். ஓரத்தில் அவருடைய நடுங்கிய எழுத்து: 'எழுத வேண்டியவள் சமையலறையில் இருக்கிறாள். கேட்கத்தான் வாய் வரவில்லை.'

"அப்பா என்ன எழுதியிருக்கார்?" அழுது சிவந்த கண்களோடு கணவன் எட்டிப் பார்த்தான்.

"உங்க வீட்டு வீம்பை," என்றாள் மூக்கை உறிஞ்சிக்கொண்டு. பிறகு முதலாளியிடம் திரும்பினாள். "இன்னும் ரெண்டு மாசம் பொறுப்பீங்களா அண்ணே?"

"எட்டு மாசம் பொறுத்தவன்தானேம்மா."

அதற்குள் அவளுடைய அம்மா வந்துவிட்டாள். சேலைக்கரையில் ஆற்று ஈரம். எப்போது வந்தாலும் வாசலோடு திரும்பிவிடுகிறவள். சம்பந்தியின் முகத்தைப் பார்த்து நின்றவளை, மகள் கைபிடித்து அவர் எழுதும் மேசையருகே அழைத்துப் போனாள்.

"இது அவர் நாற்காலிடீ."

"தெரியும். உட்காரும்மா. நீ சொல்லச் சொல்ல நான் எழுதணும்."

அம்மா நுனியில் உட்கார்ந்தாள். மேசைமேல் சிவப்புப் பென்சில் ஒன்று, புதிதாகச் சீவி வைக்கப்பட்டிருந்தது.