வெட்டச் சொன்ன நான்கு நிமிடம்

திருப்பூரை அடுத்த நெருப்பெரிச்சலில் கந்தவேலின் பனியன் கம்பெனி. செக்கிங் டேபிளின் மேல், பிசிறு வெட்டக் காத்திருந்த டீ-ஷர்ட்டுகளுக்கு நடுவே ஒரு வீடியோ கேசட் கிடந்தது. பக்கத்தில் கந்தவேல் மூக்குக் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு செல்போனைத் துழாவிக்கொண்டிருந்தார். மதியச் சாப்பாட்டுக்காக மெஷின்கள் நின்றிருந்தன. முதலாளியின் கேரியர் மட்டும் பிரிக்கப்படாமல் ஆறிக்கொண்டிருந்தது.

இருபத்தெட்டு வருடத்துக்கு முந்தைய கல்யாணக் கேசட் அது. அவருக்கும் விஜயகுமாரிக்கும் நடந்த கல்யாணம். போட்டுப் பார்க்கிற டெக் எப்போதோ பழைய இரும்புக்காரனிடம் போய்விட்டது. கேசட் மட்டும் பீரோவில் பட்டுச்சேலைக்கு அடியில் தூங்கியது. மகன் அருள்குமாருக்குச் சாமளாபுரத்தில் பெண் முடிவாகிக்கொண்டிருந்த சமயத்தில் விஜயகுமாரி அதை வெளியே எடுத்தாள்.

"ஏனுங்க, இதையெல்லாம் இப்ப செல்போன்ல பாக்கற மாதிரி மாத்திக் குடுக்கறாங்களாமா. எங்கய்யன் பேசறது இதுல எங்கியாச்சும் இருக்கும். ஒருக்கா கேட்டாப் போதுமுங்க."

அவளுடைய அப்பா இறந்து பன்னிரண்டு வருடம் ஆகிறது. போட்டோ நான்கு இருக்கிறது, குரல் எங்கேயும் இல்லை. கல்யாணமாகி இத்தனை வருடத்தில் விஜயகுமாரி வாய்விட்டுக் கேட்டது ரொம்பக் கொஞ்சம். அதனால் கந்தவேல் உடனே தலையாட்டிவிட்டார். தலைவலி அதற்குப் பிறகுதான் ஆரம்பித்தது.

கோயம்புத்தூரில் ஒரு கடை கேசட்டுக்கு இவ்வளவு என்றது. இன்னொன்று மணிக்கு இவ்வளவு என்றது. பெங்களூர் ஆன்லைன் கம்பெனி ஒன்று, வீட்டுக்கே வந்து வாங்கிப்போய் நெட்டில் ஏற்றித் தருவதாகச் சொன்னது. அதற்கு ஐந்து நட்சத்திரம் போட்டிருந்த ஐம்பது பேரும் ஒரே வாசகத்தை எழுதியிருந்தார்கள். துணியை விரலால் தடவியே அதன் கனத்தைச் சொல்லிவிடுகிற மனிதருக்கு, பென்டிரைவில் வேண்டுமா, டிவிடியில் வேண்டுமா என்ற கேள்விக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை. ஆளுக்கொன்று சொல்லச் சொல்ல அவருக்குத் தலை சுற்றியது.

கடைசியில் அனுப்பர்பாளையத்தில் பாத்திரக் கடைகளுக்கு நடுவே இருக்கும் ராபினின் ஸ்டுடியோவுக்குப் போனார். ராபின் திருநெல்வேலிப் பக்கத்துக்காரர். டெய்லர் வேலைக்கென்று திருப்பூர் வந்து, கேமராப் பக்கம் சாய்ந்துவிட்டவர்.

"இதுல எம்பட மாமனாரு பேசறது வேணுமுங்க. மொதல்ல சாம்பிள் குடுங்க. பாத்து ஓகே பண்ணுனாத்தான் ஆர்டர்," என்றார் கந்தவேல். எதை வாங்கினாலும் சாம்பிள் பார்க்காமல் வாங்கக் கூடாது என்பது திருப்பூர்க்காரர்களின் ரத்தத்தில் ஊறிய விஷயம்.

ராபின் சிரித்துவிட்டார். "ஒத்தக் கேசட்டுக்குச் சாம்பிளா அண்ணாச்சி? சரி, சத்தம் எந்த இடத்துல தெளிவா இருக்கோ, அதைப் பாத்து அனுப்புதேன்."

மறுநாள் மதியம் வாட்ஸ்அப்பில் நான்கு நிமிடப் படம் வந்தது. அந்தக் காலத்துக் கல்யாணக் கேசட்டுகளில் அசல் சத்தத்தை அழித்துவிட்டு முழுக்க சினிமாப் பாட்டை ஒட்டிவிடுவார்கள். தாலி கட்டுகிற இடத்தையும் சீர் வாசிக்கிற இடத்தையும்தான் அப்படியே விடுவார்கள். ராபின் அனுப்பியது சீர் வாசிக்கிற இடம்.

கந்தவேலின் அப்பா மைக்கைப் பிடித்து, பெண்வீட்டார் கொண்டுவந்த சீரை ஒவ்வொன்றாக வாசிக்கிறார். பீரோ, கட்டில், குத்துவிளக்கு. பிறகு நிறுத்துகிறார். "பைக்கு வரோணும். பைக்கக் காணோமே," என்கிறார். மண்டபம் முழுவதும் அது எதிரொலிக்கிறது. மைக் கைமாறுகிறது. வெள்ளை வேட்டி கட்டிய ஒருவர் தொண்டையைச் செருமுகிறார். "ஆடி கழியட்டுமுங்க சம்பந்தி. எதையாச்சும் வித்தாவது வாங்கி உட்டர்றனுங்க. கலியாணத்த நிறுத்திப் போடாதீங்க." சொல்லிவிட்டுக் கும்பிடுகிறார். கேமரா மணவறைப் பக்கம் திரும்புகிறது. அங்கே மாப்பிள்ளை கந்தவேல், புது வாட்ச்சின் பட்டையைச் சரிசெய்துகொண்டிருக்கிறார்.

கந்தவேல் படத்தை மறுபடியும் ஓட்டிப் பார்த்தார். இது எதுவுமே அவருக்கு ஞாபகமில்லை. ஆடி கழிந்து வந்த பைக் ஞாபகமிருந்தது. அதில் ஏறிப் பதினோரு வருடம் ஊர் சுற்றியதும் ஞாபகமிருந்தது.

உடனே ராபினைக் கூப்பிட்டார். "அந்த நாலு நிமிசத்த வெட்டிப் போட்டுருங்க. மீதிய மட்டும் குடுங்க."

"அண்ணாச்சி, உங்க மாமனார் குரல் வேணுமின்னுதான கேட்டிய? அவரு பேசுறது அந்த ஒரு இடத்துலதான். மத்த இடமெல்லாம் சினிமாப் பாட்டுல்லா ஓடுது."

கந்தவேல் போனை வைத்துவிட்டார். வெட்டினால் மனைவிக்கு அவள் அப்பாவின் குரல் இல்லை. வெட்டாவிட்டால் அவள் இதைப் பார்ப்பாள். கோயம்புத்தூர்க் கடைக்குப் போன் போட்டார். வேண்டாததை எடுத்துவிட்டுப் பாட்டுப் போட்டுத் தருவோம், அதற்குக் காசு இல்லை என்றார்கள். அதுவும் மனசுக்கு ஒப்பவில்லை. குரலை மட்டும் எடுத்து, சொன்ன வார்த்தையை மாற்ற முடியுமா என்றுகூட ஒரு நிமிடம் யோசித்தார். நினைத்த மாத்திரத்தில் அவருக்கே கூச்சமாகிவிட்டது.

அதிலும் போன ஞாயிற்றுக்கிழமை சாமளாபுரம் போய்வந்தது வேறு இப்போது உறுத்தியது. பெண்ணின் அப்பா ஞானசம்பந்தத்திடம், "நாங்க எதையும் கேக்கறதில்லீங்க. எங்க சொந்தத்துல மாப்பிளைக்குக் காரு குடுக்கறது வழக்கம், அவ்வளவுதானுங்க," என்று சிரித்தபடி சொல்லியிருந்தார். கேட்காமல் கேட்பதில் நம்மவர்களுக்கு இணை கிடையாது. எட்டுத் தறி ஓட்டுகிற ஞானசம்பந்தமும் சிரித்தபடி தலையாட்டினார். அவர் இரண்டு தறியை விற்க விலை பேசுகிறார் என்று இரண்டே நாளில் தரகர் மூலம் வீட்டில் எல்லோருக்கும் தெரியவந்தது. கந்தவேல் அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

"கேசட் ஆச்சுங்களா?" என்று விஜயகுமாரி தினமும் கேட்டாள். அவரும் தினமும் மென்று விழுங்கினார். வெள்ளிக்கிழமை காலை, "நானே வர்றனுங்க," என்று அவள் வண்டியில் ஏறி உட்கார்ந்துகொண்டாள். வேறு வழியில்லை.

கடைக்குள் நுழைந்ததுமே ராபின் கேட்டுவிட்டார். "முடிவு பண்ணிட்டியளா அண்ணாச்சி? அந்த நாலு நிமிசத்த வெட்டணுமா, வைக்கணுமா?"

"எந்த நாலு நிமிசம்?" என்றாள் விஜயகுமாரி.

கந்தவேல் சுவரைப் பார்த்தார். ராபினுக்கு ஒன்றும் புரியவில்லை. அவள் கேட்டதால் கம்ப்யூட்டரில் போட்டுக் காட்டினார். படம் ஓடி முடிந்தது. அவள் அழவில்லை.

"இன்னொருக்கா போடுங்க தம்பி."

இரண்டாம் முறை கண்ணை மூடிக்கொண்டு கேட்டாள். "எங்கய்யனேதானுங்க. தொண்டையச் செருமிட்டுத்தான் பேச ஆரம்பிப்பாரு," என்றவள், கணவன் பக்கம் திரும்பினாள். "எதுக்குங்க இத வெட்டச் சொன்னீங்க?"

"நீ பாத்தா சங்கடப்படுவேன்னுதான் விஜயா."

"நானும் அதே மணவறைலதானுங்க உக்காந்திருந்தேன். இதப் பாக்கறதுக்கு எனக்கு டெக்கு வேணுமுங்களா? தெனமும் பாத்துட்டுத்தான் இருக்கறேன். குரலு ஒண்ணுதான் மறந்து போச்சு."

கந்தவேல் மனைவிக்குத் தெரியக் கூடாது என்று ஒரு வாரம் பாடுபட்டு மறைத்தது, இருபத்தெட்டு வருடமாக அவளுக்குத் தெரிந்த விஷயம்.

அவளே தொடர்ந்தாள். குரல் உயரவில்லை. "அடுத்த மாசம் அருளு கலியாணத்துல சாமளாபுரத்துக்காரரு இதே மாதிரி கும்புட்டுட்டு நிப்பாரு. தறிய வித்தும் பத்தாட்டி என்ன பண்ணுவாரு? அப்பவும் இந்தத் தம்பிகிட்ட வந்து வெட்டச் சொல்லுவீங்களா?"

ராபின் நாசூக்காக உள்ளறைக்குப் போய்விட்டார்.

கந்தவேல் எழுந்து வாசலுக்கு வந்தார். எதிரே பாத்திரப் பட்டறையில் தட்டுகிற சத்தம் காதைத் துளைத்தது. ஒரு காதைப் பொத்திக்கொண்டு ஞானசம்பந்தத்துக்குப் போன் போட்டார். விஜயகுமாரி பின்னாலேயே வந்து நின்றாள்.

"சம்பந்தி, காரு வேண்டாமுங்க. தறிய விக்காதீங்க."

அந்தப் பக்கம் ஞானசம்பந்தம் பதறிப்போனார். "ஏனுங்க, பொண்ணப் பத்தி யாராச்சும் தப்பாச் சொன்னாங்களா? இல்ல, பெரிய காரா வேணுமுங்களா? எதா இருந்தாலும் சொல்லுங்க, பாத்துப் பண்ணிக்கலாமுங்க."

வேண்டாம் என்று சொன்னால்கூட நம்ப முடியாத நிலையில் ஒரு தகப்பனை நிறுத்திவைத்திருக்கிறோம் என்று கந்தவேலுக்கு அப்போதுதான் உறைத்தது. அவருக்கு அழுகையே வந்துவிட்டது.

"பொண்ணுக்கு ஒரு கொறையுமில்லீங்க. கொற எங்கிட்டத்தானுங்க. கேக்கலைன்னு சொல்லிட்டே கேட்டேன் பாருங்க, அதுதான் கொற. என்ற கலியாணத்துக்கு வாங்குனத நான் மறந்துட்டனுங்க. குடுத்த ஊட்டுல இன்னும் மறக்கலீங்க. வரதட்சணைங்கறது அப்படித்தானுங்க. வாங்குனவனுக்கு அது ஒரு வண்டி, குடுத்தவனுக்கு ஆயுசுக்கும் தலகுனிவு. என்ற பையன் கலியாணத்துல பொண்ணப் பெத்தவரு யாருகிட்டயும் கையெடுத்துக் கும்புடக் கூடாதுங்க."

அந்தப் பக்கம் தறி ஓடுகிற சத்தம் மட்டும் கேட்டது. சட்டென்று அதுவும் நின்றது. யாரோ தறியை நிறுத்தியிருக்க வேண்டும்.

"சம்பந்தி," என்றார் ஞானசம்பந்தம். "போன ஸ்பீக்கர்ல போடறனுங்க. எம்பட பொண்ணும் இங்கதான் நிக்கறா. இப்பச் சொன்னீங்களே, அத மறுக்கா ஒருக்காச் சொல்லுங்க."

கந்தவேல் மனைவியைப் பார்த்தார். பிறகு தெருவில் போகிறவர்களுக்கும் கேட்கும்படி, முதலிலிருந்து மறுபடியும் சொல்ல ஆரம்பித்தார்.