நான்கு முறை திரும்பி வந்த கைப்பிடி

1

முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். இந்தக் கதை ஒட்டுக்கேட்டதில் பிறந்தது.

கணவரின் காருக்குப் பக்கக் கண்ணாடி வாங்க ஓர் உதிரிபாகக் கடைக்குப் போயிருந்தேன். எனக்கு முன்னால் நின்றவர் செய்தித்தாளில் சுற்றிய ஒரு கதவுக் கைப்பிடியை மேசைமேல் வைத்து, "மேடம், இதுவும் சேரலை" என்றார். உள்ளே இருந்த பெண் அதை வாங்கிக்கொண்டு, "நாலாவது தடவை சார்" என்றாள்.

அவ்வளவுதான் கேட்டேன். அந்த "நாலாவது தடவை"யில் இருந்தது எரிச்சலா, வேறு ஏதாவதா என்று எனக்குப் பிடிபடவில்லை. யோசித்துக்கொண்டே வீடு வந்து சேர்ந்தேன். கண்ணாடி வாங்க மறந்துவிட்டது.

இருபது வருடமாகக் குடும்பக் கதைகள் எழுதுகிறேன். காரைப் பற்றி எனக்குத் தெரிந்ததெல்லாம், கதவை மெதுவாகச் சாத்தாவிட்டால் ஒருவருக்குக் கோபம் வரும் என்பது மட்டும்தான்.

2

முதல் தொடக்கம்: "மழை அப்போதுதான் விட்டிருந்தது. அவள் ஷட்டரைத் தூக்கியபோது—"

வேண்டாம். மழையில் தொடங்கிய கதைகள் என்னிடம் ஏற்கெனவே பதினொன்று இருக்கின்றன.

இரண்டாவது: "மனைவி போன பிறகு அவருக்குத் துணை என்று இருந்தது அந்தப் பழைய கார் ஒன்றுதான், அதற்கும்—"

இது வாசகரை முதல் வரியிலேயே அழவைக்கிற அவசரம். அடித்துவிட்டேன்.

மூன்றாவது: "கேட்லாக் அக்கா பதினைந்து வருடத்தில் ஒருவருக்கும் தப்பான பாகம் எடுத்துக் கொடுத்ததில்லை."

இது நிற்கிறது. இதிலிருந்து போகலாம்.

3

கேட்லாக் அக்கா பதினைந்து வருடத்தில் ஒருவருக்கும் தப்பான பாகம் எடுத்துக் கொடுத்ததில்லை. கடையில் எல்லாரும் அவளை அப்படித்தான் கூப்பிடுவார்கள். தலையணை மாதிரி தடித்த பதினேழு கேட்லாக்குகள் அலமாரியில் இருந்தன. அவள் அவற்றை எப்போதாவதுதான் திறப்பாள். பொட்டலத்தைப் பிரிக்காமலே கையில் தூக்கிப் பார்த்து, "பிரேக் சிலிண்டர், பின்பக்கம்" என்பாள். பிரித்தால் அதுவாகத்தான் இருக்கும்.

வயது நாற்பத்தாறு. கணவர் இறந்து ஒன்பது வருடம். கடைக்கு அடுத்த தெருவில் ஓர் அறை. ஒரு நாற்காலி போதும் என்று இரண்டாவதைத் தங்கைக்குக் கொடுத்துவிட்டவள்.

வாடிக்கையாளர்களுக்கு அவள் சொல்வது ஒன்றே ஒன்று: "சரியான பாகம் விரலால அழுத்தினாலே உக்காந்துடும் சார். சுத்தியலைத் தேடறீங்கன்னா அது வேற வண்டியோடது."

அவர் முதலில் வந்தது வாட்டர் பம்ப் கேட்டு. நரைத்த மீசை, பித்தான் ஒன்று மாறிப் போட்ட சட்டை. வண்டிப் பதிவுப் புத்தகத்தை நீட்டினார். வருடத்தைப் பார்த்தாள், பம்பை எடுத்துக் கொடுத்தாள். கச்சிதமாகச் சேர்ந்துவிட்டது. அந்தக் கணமே அவள் மனத்தில் மாடல் முடிவாகிவிட்டது. (இதை நினைவில் வையுங்கள். அவள் செய்த தப்பு இதுதான். நானாக இருந்தாலும் செய்திருப்பேன்.)

அடுத்து கதவுக் கைப்பிடி. சேரவில்லை. அதே வருடத்தில் இன்னொரு வகை இருந்தது, அதுவும் சேரவில்லை. நடுவில் ஃபேன் பெல்ட் வாங்கிப் போனார். அது மட்டும் சேர்ந்தது. மூன்றாவது கைப்பிடியும் திரும்பி வந்தது. ஒவ்வொரு புதன்கிழமையும் வந்தார். கடைக்காரர்கள் அவருக்குக் கைப்பிடிக்காரர் என்று பெயர் வைத்துவிட்டார்கள்.

"அக்கா, உங்க கைப்பிடிக்காரர் வர்றார்" என்றாள் பார்சல் கட்டும் தோழி. பக்கத்து மேசை. வாய்க்கு மட்டும் டேப் ஒட்டத் தெரியாதவள்.

"என்னோட கைப்பிடிக்காரரா? யாருடி எழுதிக் கொடுத்தது?"

"புதன்கிழமை ஆனா புதுக் கம்மல் காதுல எப்படி வந்து தொங்குதுன்னு நான் கேட்டேனா?"

"சும்மா இருடி. அந்த மனுஷனுக்கு வண்டி ஓடணும், அவ்வளவுதான்."

"ஓடாத வண்டிக்கு இத்தனை கைப்பிடி எதுக்குக்கா? சேரலைன்னு சொல்றதெல்லாம் சும்மா. நல்லாவே சேருது. அவருக்குத்தான் வீட்டுல இருப்புக் கொள்ளலை."

அக்கா சிரித்து மழுப்பினாள். ஆனால் அந்தப் பேச்சு உள்ளே போய் உட்கார்ந்துகொண்டது. அவர் பொய் சொல்கிறாரா? ஒன்பது வருடத்துக்குப் பிறகு யாராவது அவளைப் பார்க்க ஒரு பொய் சொன்னால், அது—

(இந்த வாக்கியத்தை நான் முடிக்கவில்லை. அவளும் முடிக்கவில்லை.)

நாலாவது கைப்பிடியும் திரும்பி வந்த புதன்கிழமை, அதாவது நான் நின்றுகொண்டிருந்த அன்று, அவள் சொன்னாள்: "வண்டிய நானே வந்து பாக்கறேன் சார். ஞாயித்துக்கிழமை காலையில இருப்பீங்களா?"

(நான் அப்போது கடையில் இருந்தேன், ஆனால் இது என் காதில் விழவில்லை. அந்த இரண்டு வரியைத் தவிர முன்னால் சொன்னதும் இனி வருவதும் கற்பனை.)

4

எனக்கு அவர்மேல் சந்தேகம் வந்தது இந்த இடத்தில்தான். நாலு முறை தப்பான பொருளோடு வந்து அசடு வழிந்து நிற்கும் மனிதரை எந்த வாசகர் விரும்புவார்? அவருக்கு ஒரு வேலை கொடுத்துப் பார்த்தேன். வங்கி அதிகாரி, பொருந்தவில்லை. கப்பல் சமையல்காரர், அவராலேயே நம்ப முடியவில்லை. கடைசியில் பியானோவுக்குச் சுருதி சேர்ப்பவர் ஆக்கினேன். காது கூர்மையானவர், கை பொறுமையானது. இது பரவாயில்லை. ஆனால் இவ்வளவு கூர்மையானவர் நாலு முறை ஏமாறுவாரா? குழப்பம் இன்னும் கூடியது. அப்படியே விட்டுவிட்டேன்.

5

ஞாயிற்றுக்கிழமை. வீட்டை ஒட்டிய தகரக் கொட்டகை. உள்ளே தந்த நிறத்தில் சின்ன நாலு கதவு வண்டி, கைப்பிடிகள் இல்லாமல், கதவுகளில் கயிறு கட்டி.

"டீ போடறேன் மேடம். சர்க்கரை?"

"வேணாம் சார். டார்ச் இருந்தா குடுங்க."

அவர் டார்ச்சைக் கொடுத்துவிட்டு உள்ளே போனார். அவள் கதவின் துளைகளை விரலால் அளந்தாள். இரண்டுக்கும் நடுவே மூன்று விரல் இடைவெளி, கேட்லாக்கில் நாலு. பின்விளக்குக் கண்ணாடிக்கு இரண்டு திருகு இருக்க வேண்டும், இங்கே மூன்று. பானட்டைத் தூக்கினால் இன்ஜின் மட்டும் புத்தகத்தில் உள்ளபடியே இருந்தது.

முன் இருக்கையைத் தூக்கினாள். தரையில், கிரீஸும் துருவும் படிந்த இடத்தில், வண்டி எப்போது செய்தது என்று சொல்லும் சேசிஸ் நம்பர் தகடு. படித்தாள். இன்னொரு தடவை படித்தாள். அப்புறம் விரல்விட்டு வருடங்களை எண்ணினாள்.

வண்டி பதிவானது ஒரு வருடம். தொழிற்சாலையில் செய்தது அதற்கு இரண்டு வருடம் முன்னால். பழைய மாடலை நிறுத்திப் புதியதற்கு மாறிக்கொண்டிருந்த சில மாதங்களில், மிச்சமிருந்த பழைய பாடியில் புது இன்ஜினை வைத்து அனுப்பியிருக்கிறார்கள். விற்காமல் எங்கேயோ கிடந்திருக்கிறது. இன்ஜினுக்குப் புது மாடல் பாகம், மற்றதெல்லாம் பழைய மாடல் பாகம். பம்ப் சேர்ந்ததும் சரி. கைப்பிடி சேராததும் சரி.

அப்படியென்றால் அவர் பொய் சொல்லவில்லை. சேரவில்லை என்றால் சேரவில்லைதான். நாலு புதன்கிழமையும் அவர் வந்தது கைப்பிடிக்காக.

பதினைந்து வருடத்தில் முதல் தப்பு. ஆனால் அவளுக்கு வலித்தது அது இல்லை. காதில் கம்மல் திடீரென்று கனத்தது.

இனி ஒரே பட்டியல் போதும். பன்னிரண்டு பாகம், பழைய மாடல் நம்பர், ஒரே பார்சல். வண்டி முழுசாகிவிடும். அவருக்கு அந்தக் கடைக்கு வர வேண்டிய வேலையே இருக்காது. எழுதாமல் விட்டால் அவர் வருவார். ஆனால் அவள் கேட்லாக் அக்காவாக இருக்க முடியாது.

பையிலிருந்து ஆர்டர் சீட்டை எடுத்தாள். கண் மங்கியதால் தகட்டிலிருந்த எழுத்துகள் ஓடின. இரண்டு கோப்பையோடு அவர் வாசலில் வந்து நிற்பதைக் கண்டு, குனிந்தபடியே, "நம்பரைக் கொஞ்சம் பாத்துச் சொல்லுங்க சார்" என்றாள்.

அவர் தகட்டைப் பார்க்காமல், நின்ற இடத்திலிருந்தே சொன்னார். எட்டு இலக்கம். நிறுத்தாமல்.

அவள் பென்சில் நின்றது. அப்போதுதான் கவனித்தாள்: சுற்றிலும் கருப்பு கிரீஸ், தகடு மட்டும் பளபளவென்று இருந்தது.

"காலையிலதான் தொடச்சேன்" என்றார் அவர். டீ கொஞ்சம் தட்டில் சிந்தியது. "நீங்க வரீங்கன்னு."

"தொடச்சா மனப்பாடம் ஆயிடுமா சார்?"

"சில நம்பர் ஆயிடுது மேடம்."

6

வண்டியின் பாடி பழைய மாடல் என்று அவர் அன்று காலைதான் தெரிந்துகொண்டாரா, முதல் புதன்கிழமையே தெரியுமா? எனக்குத் தெரியாது. சத்தியமாகத் தெரியாது. இரண்டு விதமாகவும் எழுதிப் பார்த்தேன்.

முதல் முடிவில் அவருக்கு எல்லாம் தெரியும். அவள் கோபப்படுகிறாள், பிறகு சிரிக்கிறாள், கைப்பிடி இல்லாத வண்டியில் கயிற்றைப் பிடித்துக்கொண்டு இருவரும்— இனித்தது. ஆனால் ஒருவர் அவள் தொழிலை வைத்து விளையாடியதை அவள் அவ்வளவு சீக்கிரம் மன்னிப்பாளா?

இரண்டாவதில் அவருக்கு ஒன்றும் தெரியாது. பன்னிரண்டு பாகமும் ஒரே பார்சலில் போகின்றன. தோழி டேப் ஒட்டும் சத்தத்தோடு கதை முடிகிறது. இது கௌரவமாக இருந்தது. ஆனால் அந்த டீ ஏன் சிந்தியது?

இரண்டையும் சுத்தியலால் தட்டித்தான் உள்ளே இறக்க வேண்டியிருந்தது. எடுத்து அலமாரியில் வைத்துவிட்டேன்.

எனக்கு நிச்சயமாகத் தெரிந்தது இவ்வளவுதான். புதன்கிழமை. பன்னிரண்டு பாகத்தின் பட்டியல் முழுசாக, சரியான நம்பர்களோடு, அவள் மேசைமேல் எல்லார் கண்ணுக்கும் தெரியும்படி இருக்கிறது. காதில் கம்மல் இல்லை. அவர் உள்ளே வருகிறார். பட்டியலைப் பார்க்கிறார். அதற்குப் பக்கத்தில் செய்தித்தாளில் சுற்றிய ஒரு பொட்டலத்தை வைக்கிறார்.

"இது சேருதான்னு நீங்கதான் பாத்துச் சொல்லணும்" என்கிறார். மேடம் என்று சொல்ல மறந்துவிட்டார்.

பார்சல் தோழி கையில் டேப்போடு எட்டிப் பார்க்கிறாள்.

அவள் தூக்கிப் பார்க்கிறாள். கைப்பிடியின் கனம் இல்லை. விளக்கு இல்லை, சிலிண்டர் இல்லை. பதினைந்து வருடத்தில் முதல்முறையாக, கையில் இருப்பது என்ன என்று அவளுக்குத் தெரியவில்லை.

பொட்டலத்தை நான் பிரிக்கப்போவதில்லை. நீங்களே பிரியுங்கள். விரலால் அழுத்திப் பாருங்கள். சுத்தியலை மட்டும் தொடாதீர்கள்.