முடியாத நாளுக்கு ஒரு மாத்திரை

பெரிய கத்தரிக்கோல், சாக்குக்கட்டி, ஊசிகள் குத்தி வைத்த பஞ்சு உருண்டை என்று ஒவ்வொன்றாக எடுத்துத் தரையில் வைத்துவிட்டு, கணவனுடைய வேலைப் பைக்குள் கையை விட்டுத் துழாவினாள். மாத்திரை அட்டை அங்கேதான் இருக்கும். அதை அங்கே வைக்கச் சொன்னதே அவள்தான்.

அவர் ஹாலில் கட்டிலில் கிடந்தார். நேற்று சாயங்காலம் பட்டறையில் ஒரு சோபாவின் பழைய துணியை உரித்துக்கொண்டிருந்தவர், "நெஞ்சு என்னமோ பண்ணுது" என்று சொல்லி அந்த சோபாவிலேயே சாய்ந்தாராம். ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியிலேயே முடிந்துவிட்டது. இன்னும் கொஞ்ச நேரத்தில் அவரை எடுத்துப்போக வேன் வந்துவிடும். ஊருக்கெல்லாம் உட்கார இடம் தைத்துக் கொடுத்த மனுஷன். அவர் வீட்டில் வந்தவர்கள் உட்கார நாற்காலி போதவில்லை.

"கிடைச்சுதா?" அவருடைய அக்கா கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"ம்."

"புள்ளைக்கு ரெண்டா குடுத்துடேன். இன்னிக்கு ஒரு நாள் தூங்கட்டும்."

"ரெண்டெல்லாம் கூடாது அண்ணி. காலையில வழக்கமானதைக் குடுத்தாச்சு. அதுக்கு மேல இது ஒண்ணே ஒண்ணுதான். டாக்டர் சொன்னது அவ்வளவுதான்."

"சரி, அந்த ஒண்ணையாவது குடு. இத்தனை கூட்டம், இத்தனை அழுகை. அவ கத்தி, தலையைச் சுவத்துல முட்டிக்கிட்டா யாரு பிடிக்கிறது? பிடிக்கிறவன்தான் படுத்துட்டானே." சொல்லி முடிக்கும்போது அக்காவின் குரல் உடைந்தது. முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு நகர்ந்தாள்.

அக்கா சொன்னதில் தப்பில்லை. அதுதான் கஷ்டம்.

மகளுக்குப் பன்னிரண்டு வயது. ஆட்டிசம். அப்பா வைத்த பெயர் முதலாளி. "முதலாளி எழுந்தாச்சா? முதலாளி உத்தரவு குடுத்தா நான் சாப்பிடலாமா?" என்று கேட்டுக் கேட்டே வீட்டில் எல்லோருக்கும் அவள் முதலாளி ஆகிவிட்டாள். பேச்சு கைவிரலில் எண்ணக்கூடிய சொற்கள்தான். வேண்டியதைச் சொல்வாள், வேண்டாததைச் சொல்வாள். யாரையும் எதையும் கேட்டதில்லை.

மாத்திரைக்கு முந்தைய காலம் வேறு. தன் மணிக்கட்டைத் தானே கடித்துக் குதறிக்கொள்வாள். டாக்டர் மருந்து தொடங்கலாம் என்றபோது அவர் ஒரேயடியாக மறுத்தார்.

"புள்ளைய மயக்கிப் போட்டுட்டு நாம நிம்மதியா இருக்கிறதா?"

"அவ கையைக் கடிச்சுக்கிறதைப் பார்த்துக்கிட்டு இருக்கிறது நிம்மதியா உங்களுக்கு?" என்று இவள் கத்தினாள். அன்றைக்கு வீட்டில் யாரும் சாப்பிடவில்லை, முதலாளியைத் தவிர.

குறைந்த அளவில் தொடங்கினார்கள். மணிக்கட்டுக் காயம் ஆறியது. முதல்முறையாகத் தலைவாரவிட்டாள். பின்னலைத் தொட்டுத் தொட்டுப் பார்த்த அவரே, "நான்தான் முட்டாள்" என்றார். ஆனால் பசி பேயாக வந்தது, சட்டையெல்லாம் இறுகிப்போனது. டாக்டர் எடை பார்த்தார், ரத்தம் பார்த்தார், அளவைக் குறைத்தார். அப்புறம்தான் இந்தத் தனி அட்டையை எழுதிக் கொடுத்தார். "ரொம்ப முடியாத நாள்னா மட்டும் இதுல ஒண்ணு. முடியாதது அவளுக்கா, நமக்கான்னு ஒரு தடவை யோசிச்சுக்குங்க."

அதற்காக வந்ததுதான் வீட்டுச் சட்டம். இரண்டு பேரும் சரி என்றால்தான் அந்த மாத்திரை. பகலெல்லாம் தனியாக மல்லாடுகிற தனக்குக் கை துறுதுறுக்கும் என்று பயந்து, அட்டையை அவர் பையிலேயே வைக்கச் சொன்னாள். ஒருவர் மாத்திரையைப் பிதுக்குவார், இன்னொருவர் தண்ணீர் கொண்டுவருவார். முதலாளியும் அந்தச் சட்டத்தைப் பிடித்துக்கொண்டுவிட்டாள். ஒரு கையில் மாத்திரை, இன்னொருத்தர் கையில் தண்ணீர் என்று பார்த்தால்தான் வாயைத் திறப்பாள்.

பல்வலியில் அவள் துடித்த அன்று கொடுத்தார்கள். அது புண்ணியமாக இருந்தது. வீட்டுக்கு விருந்தாளிகள் வந்த அன்றும் கொடுத்தார்கள். மறுநாள் சாயம் போன துணி மாதிரி சுவரோரமாக உட்கார்ந்திருந்தவளைப் பார்த்து, இரண்டு பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொள்ளவில்லை.

இப்போது அம்மா ஒரு மாத்திரையைப் பிதுக்கி உள்ளங்கையில் வைத்து மூடிக்கொண்டாள். ஹாலுக்கு வந்து அவர் தலைமாட்டில் நின்றாள். சரியா? சொல்லுங்களேன், சரியா? ஓயாமல் வாயடிக்கிற மனுஷன் வாயை மூடிக்கொண்டு கிடந்தார். அவர் மேல் அவளுக்குக் கோபம் கோபமாக வந்தது.

அப்போதுதான் பட்டறை ஆட்கள் உள்ளே வந்தார்கள். அக்கா ஓவென்று கதறினாள். கூடவே நாலைந்து பேர். படுக்கையறைக் கதவு திறந்தது.

முதலாளி இரண்டு காதையும் பொத்திக்கொண்டு அறை வாசலில் நின்றாள். அழுகை அப்படியே நின்றது. யாரோ ஒருவர் சுவருக்கும் அவளுக்கும் நடுவில் நகர்ந்து நின்றார். அப்பா இனிமேல் எழுந்திருக்கமாட்டார் என்று காலையிலேயே அம்மா சொல்லியிருந்தாள். மின்விசிறியைப் பார்த்துக்கொண்டே மகள் அதைக் காதில் வாங்கினாள், அல்லது வாங்கவில்லை.

இப்போது நேராகக் கட்டிலுக்கு வந்தாள். குனிந்து அப்பாவின் கையை முகர்ந்தாள். பசையும் புதுத்துணியும் கலந்த அந்த வாசனை அவளுக்கு உயிர். கையைத் தூக்கப் பார்த்தாள். விட்டாள். அது கட்டைபோல் விறைத்திருந்தது. அம்மாவின் உள்ளங்கையில் மாத்திரை அழுந்தியது.

முதலாளி திரும்பி அறைக்குள் போய்விட்டாள்.

"நல்லவேளை" என்று அக்கா மூச்சுவிடுவதற்குள், அறைக்குள் எதையோ இழுக்கும் சத்தம் கேட்டது.

கனத்தை இழுத்துக்கொண்டு வந்தாள்.

அது அவர் தைத்த போர்வை. சோபாவுக்குப் போடும் தடித்துணியில் சின்னச் சின்ன அறைகளாகத் தைத்து, ஒவ்வொன்றிலும் கழுவிக் காயவைத்த மணலை நிரப்பி மூடியது. மனசு கொந்தளிக்கும்போது முதலாளி தரையில் படுத்து, "கனம்" என்பாள். அவர் அதைத் தூக்கிக்கொண்டு வந்து போர்த்துவார். அவர் ஒருவர்தான் தூக்குவார். முதலாளி அதை ஒருநாளும் தொட்டுத் தூக்கியதில்லை; முதலாளி எதற்குத் தூக்க வேண்டும்?

இன்று முகம் சிவக்க, பல்லைக் கடித்துக்கொண்டு அதைக் கட்டில் மேல் ஏற்றினாள். பட்டறைக்காரர் ஒருவர் கை கொடுக்க முன்னால் வந்தார். "வேண்டாம். விடுங்க" என்றாள் அம்மா.

முதலில் பாதம். விளிம்பை உள்ளே மடித்துச் செருகினாள். பிறகு முழங்கால். பிறகு தோள். அவர் எந்த வரிசையில் செய்வாரோ அதே வரிசை. தோளுக்குப் பக்கத்தில் கட்டைவிரலால் ஒரு அழுத்து அழுத்துவார் அவர், அதையும் அழுத்தினாள். பிறகு அவர் நெஞ்சின் மேல் இரண்டு கையையும் வைத்துச் சாய்ந்து, அடித்தொண்டையில், "ம்ம்ம்ம்" என்று முனக ஆரம்பித்தாள். அது அவருடைய முனகல். ராகமில்லாத, தையல் மிஷின் ஓடுகிற மாதிரியான அதே முனகல்.

அம்மாவுக்கு மயிர்க்கூச்செறிந்தது. கண்ணை மூடிக்கொண்டு, சில சமயம் கத்திக்கொண்டு, சில சமயம் கடித்துக்கொண்டு கிடந்த இந்தப் பெண் இவ்வளவையும் பார்த்துக்கொண்டா இருந்தாள்? ஒரு மடிப்பு, ஒரு அழுத்து விடாமல் எங்கே சேர்த்து வைத்திருந்தாள்? அவள் பெற்றவள்தான். ஆனால் முன்பின் தெரியாத ஒரு பெரிய ஆளைப் பார்ப்பது போல ஒதுங்கி நின்று பார்த்தாள்.

முனகல் நின்றது. முதலாளி அப்பாவின் முகத்துக்குப் பக்கத்தில் காதைக் கொண்டுபோனாள்.

"போதுமா?"

அவர் கேட்கிற கேள்வி அது. ஒவ்வொரு தடவையும் கேட்பார், முதலாளி "போதும்" என்றால் கனத்தை எடுப்பார். இன்று அவள் கேட்டாள். அவள் வாயிலிருந்து வந்த முதல் கேள்வி.

பதிலுக்குக் காத்திருந்தாள். வெளியே வேன் வந்து நிற்கும் சத்தம் கேட்டது.

"போதுமா?"

அம்மா கட்டிலைப் பிடித்துக்கொண்டாள். "போதும்" என்றாள்.

முதலாளி தலையாட்டினாள். தோள், முழங்கால், பாதம் என்று செருகியதையெல்லாம் எடுத்துவிட்டு, கனத்தை இழுத்துத் தரையில் போட்டு, அதன் மேல் உட்கார்ந்துகொண்டாள்.

ஆட்கள் அவரைத் தூக்கினார்கள். அக்கா சத்தமில்லாமல் அழுதுகொண்டே வாசல்வரை போனாள். எல்லோரும் வெளியே போன பிறகு, அம்மா மட்டும் உள்ளே நின்றாள். முதலாளிக்குப் பக்கத்தில், கனத்தின் ஓரத்தில் உட்கார்ந்தாள்.

"வாங்க, உங்களுக்காகத்தான் நிக்கிறாங்க" என்று வாசலிலிருந்து ஒரு குரல் கேட்டது.

அம்மாவின் மூடியிருந்த கையை முதலாளி பார்த்துவிட்டாள். ஒவ்வொரு விரலாகப் பிரித்தாள். வியர்வையில் மாத்திரையின் நிறம் கரைந்து உள்ளங்கையில் ஒட்டியிருந்தது. மாத்திரையைப் பார்த்தாள். பிறகு, எப்போதும் பார்க்காத அம்மாவின் முகத்தைப் பார்த்தாள். எழுந்து சமையலறைக்குள் போனாள். குழாய் திறந்தது. மூடியது.

டம்ளரை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு வந்து அம்மாவின் முகத்துக்கு நேராக நீட்டினாள். பாதித் தண்ணீர் வழியெல்லாம் சிந்தியிருந்தது. அம்மா மாத்திரையோடு கையை மூடிக்கொண்டு, இன்னொரு கையால் டம்ளரை வாங்கி, மிச்சமிருந்த தண்ணீர் முழுவதையும் குடித்தாள்.